ஸ்வெட்டர் குத்துதா?

துறையூரில் உட்கார்ந்துகொண்டு கம்பளியைப் பற்றி எழுதுகிறாரே, இவருக்கு வேறு வேலை இல்லையா என்று நீங்கள் நினைக்கலாம். நியாயம்தான். சித்திரை வெயிலில் தார் ரோடு இளகுகிற ஊர் நம்முடையது. ஆனால் ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகை பிறந்துவிட்டால், பச்சமலைப் பக்கமிருந்தும் கொல்லிமலைப் பக்கமிருந்தும் இறங்குகிற விடியற்காலைக் காற்று நம்மையும் கொஞ்சம் ஒடுங்க வைத்துவிடும். அப்போதுதான் பீரோவின் அடித்தட்டிலிருந்து அவை ஒவ்வொன்றாக வெளியே வரும். குழந்தையின் ஸ்வெட்டர், தாத்தாவின் மஃப்ளர், யாரோ டில்லியிலிருந்து வாங்கி வந்த குரங்குக் குல்லா, பழைய கறுப்புக் கம்பளி! மேலே டாப் செங்காட்டுப்பட்டியில் இருப்பவர்களுக்கு இவை இல்லாமல் மார்கழி கழியாது. வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் நடுராத்திரியே போய் வரிசையில் நிற்பவர்கள், காசி, பத்ரிநாத் என்று கிளம்புகிற பெரியவர்கள், ஊட்டி ஹாஸ்டலில் படிக்கிற பிள்ளைகள், குளிர் நாட்டுக்கு வேலைக்குப் போன மகன்கள்... இவர்களுக்கும் கம்பளி இல்லாமல் முடியாது.

கம்பளி வெளியே வந்த நாலாவது நாள் நோயாளிகள் என்னிடம் வர ஆரம்பிப்பார்கள். "கழுத்தெல்லாம் ஒரே அரிப்பு டாக்டர்." "பிள்ளைக்கு ஸ்வெட்டர் போட்டாலே கத்துது." "எனக்குக் கம்பளி அலர்ஜிங்க, எங்கம்மாவுக்கும் அப்படித்தான்."

இந்த மூன்றாவது ஆசாமியிடம்தான் நான் கொஞ்சம் நேரம் எடுத்துப் பேசுவேன். ஏனென்றால் 'அலர்ஜி' என்று ஒருதடவை முடிவு கட்டிவிட்டால் பிறகு யாரும் அதை ஆராய்வதில்லை. குளிரில் விறைத்தாலும் தாத்தா மஃப்ளரைத் தொடமாட்டார். இன்னொரு வீட்டில் அரிப்பு உண்மையிலேயே சொறிப் பூச்சியால் வந்திருக்கும். பழி கம்பளி மேல் போய், குடும்பம் முழுக்கப் பரவிய பிறகு வருவார்கள்.

முதலில் கம்பளி ஏன் அரிக்கிறது என்று தெரிந்துகொள்வோம். அது தெரிந்துவிட்டால் வைத்தியம் பாதி முடிந்த மாதிரி.

ஆட்டு ரோமமும் நம் தலைமுடியும் ஒரே ஜாதி. இரண்டுமே கெரட்டின் என்கிற புரதத்தால் ஆனவை. வித்தியாசம் தடிமனில்தான். இதை மைக்ரான் கணக்கில் அளப்பார்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறுதான் ஒரு மைக்ரான். நம் தலைமுடி ஏறக்குறைய 60 முதல் 80 மைக்ரான் இருக்கும். ஆஸ்திரேலியாவின் நல்ல மெரினோ ரோமம் 20 மைக்ரானை ஒட்டி இருக்கும். 30 மைக்ரானுக்கு மேல் தடிமனான இழைகள் ஒரு துணியில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போனால், அந்தத் துணி பலருக்குக் குத்த ஆரம்பிக்கும். 1980-களில் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்தே பார்த்தார்கள். துணியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இழையின் முனை தோலில் படும்போது, மெல்லிய இழையாக இருந்தால் வளைந்து கொடுத்துவிடும். தடித்த இழை வளையாது. சுமார் 75 மில்லிகிராம், அதாவது மூன்று நான்கு அரிசி மணிகளின் எடைக்குச் சமமான அழுத்தத்தை அது தாங்கி நின்றால் போதும், தோலுக்குக் கீழே உள்ள வலி நரம்பு விழித்துக்கொள்ளும். அந்தச் 'சுருக் சுருக்'தான் நமக்கு அரிப்பாகத் தெரிகிறது.

இதில் ஒரு வேடிக்கையான கணக்கு உண்டு. இழையின் தடிமன் இரண்டு மடங்கானால் அதன் விறைப்பு இரண்டு மடங்கு ஆவதில்லை, பதினாறு மடங்காகிவிடுகிறது! பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு ஸ்வெட்டர்களில் ஒன்று பஞ்சு போலவும் மற்றது முள் போலவும் இருப்பதன் ரகசியம் இதுதான்.

ஆக, பெரும்பாலானவர்களுக்கு வருவது அலர்ஜி இல்லை. முள் குத்தினால் வலிப்பது முள் அலர்ஜியா? அப்படித்தான் இதுவும். கம்பளி ரோமத்தில் இயற்கையாக இருக்கும் லனோலின் என்ற மெழுகோ, துணிக்குப் போட்ட சாயமோ சிலருக்கு உண்மையான ஒவ்வாமையைத் தரலாம். ஆனால் அப்படிப்பட்டவர்கள் சொற்பம். உண்மையான ஒவ்வாமை என்றால் துணியைக் கழற்றின பிறகும் அந்த இடம் சிவந்து, தடித்து, சில சமயம் நீர் கோத்து இரண்டு மூன்று நாள் நிற்கும். குத்தல் அரிப்பு, துணியைக் கழற்றிச் சற்று நேரத்தில் அடங்கிவிடும். வீட்டிலேயே இதைக் கவனித்துவிடலாம்.

நம்ம ஊர்க் கம்பளிக்கு வருவோம். பெரம்பலூர், திருச்சி மாவட்டங்களில் மேயும் 'திருச்சி கருப்பு' ஆட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேலெல்லாம் கறுப்பு, சின்ன உடம்பு. அதன் ரோமம் மிகவும் முரடு; ரோமம் என்பதைவிட முடி என்று சொல்வதுதான் பொருத்தம். இப்படிப்பட்ட முரட்டு ரோமத்தில் நெய்த கம்பளி எதற்காக ஏற்பட்டது? ஆட்டுக்காரர் மழையிலும் பனியிலும் வயலில் கிடை போட்டுப் படுக்கும்போது போர்த்திக்கொள்ள. தரையில் விரித்துப் படுக்க. அந்த வேலைக்கு அதை மிஞ்ச ஒன்றும் கிடையாது. அதை வெறும் உடம்பின் மேல் போர்த்தினால் குத்தத்தான் செய்யும். அது கம்பளியின் குற்றம் ஆகாது.

அதற்கு நேர் எதிராக, நமது மாநிலத்திலேயே நீலகிரி ஆடு என்று ஓர் இனம் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் கோயமுத்தூர் ஆட்டோடு டாஸ்மேனியா மெரினோ, செவியட், சவுத் டவுன் ஆகிய வெளிநாட்டு இனங்கள் கலந்து உருவானது. அதன் ரோமம் நைசு. ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் உள்ள ஆடு ஆராய்ச்சி நிலையத்தில் இந்த இனத்தைப் பராமரிக்கிறார்கள். ஒரே மாநிலத்தில் இரண்டு ஆடு, இரண்டு குணம்! 'கம்பளி' என்று ஒரே பெயரைச் சொல்லி எல்லாவற்றையும் ஒதுக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன்.

கடையில் வாங்கும்போதே பாதித் தொல்லையைத் தவிர்க்கலாம். நாம் எப்படி வாங்குகிறோம்? உள்ளங்கையால் தடவிப் பார்த்து, "அட, மெத்து மெத்துன்னு இருக்கே" என்று வாங்கிவிடுகிறோம். உள்ளங்கைத் தோல் தடித்த தோல். இந்தக் குத்தல் அதற்குத் தெரியவே தெரியாது. அதனால் துணியைக் கழுத்தின் பக்கவாட்டில் வையுங்கள். கூச்சமாக இருந்தால் முழங்கைக்கு உள்பக்கம் வைத்து லேசாக அழுத்திப் பிடியுங்கள். ஒரு நிமிடம் போதும். குழந்தைக்கு வாங்குவதானாலும் உங்கள் கழுத்தில் வைத்துப் பாருங்கள். உங்களுக்கே குத்தினால் அந்தப் பிஞ்சுத் தோலுக்குக் கேட்க வேண்டுமா?

இன்னொரு விஷயம். குளிர்காலத்தில் நம்முடைய பெரிய ஊர்களில் திபெத்தியர்கள் வரிசையாக ஸ்வெட்டர் கடை விரிப்பார்கள். அங்கேயும் சரி, மற்ற ஜவுளிக் கடைகளிலும் சரி, குறைந்த விலை ஸ்வெட்டர்களில் பெரும்பாலானவை லூதியானாவில் தயாராகும் அக்ரிலிக். பெட்ரோலியத்திலிருந்து செய்த செயற்கை இழை. அதில் ஒன்றும் பாவமில்லை. மென்மையாகக்கூட இருக்கும், துவைப்பதும் சுலபம். ஆனால் வியர்வையை உறிஞ்சாது. கம்பளியோ தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை, தொட்டால் ஈரம் தெரியாமலே இழுத்து வைத்துக்கொள்ளும். அக்ரிலிக் ஸ்வெட்டருக்குள் குழந்தை வியர்த்து, அந்த வியர்வையில் வேர்க்குரு கிளம்பி, அதற்கும் 'கம்பளி அலர்ஜி' என்று பெயர் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அந்தத் துணியில் கம்பளி ஒரு இழைகூட இருக்காது!

எது எது என்று சந்தேகம் வந்தால், உள் தையலிலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியால் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். உண்மையான கம்பளி என்றால் முடி தீய்ந்த வாடை வரும். நெருப்பை எடுத்ததும் தானாக அணையும். கரி விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கறுப்புப் புகை விட்டு, கடினமான மணியாக உறைந்துவிடும். பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதபோது செய்யுங்கள்.

சரி, வாங்கியாகிவிட்டது. பரிசாக வந்ததோ, மாமனார் காலத்துப் பொருளோ, தூக்கிப் போட மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

முதல் வழி, கம்பளிக்கும் தோலுக்கும் நடுவே ஒரு பருத்தித் துணி. இதைவிடச் சிறந்த வைத்தியம் எனக்குத் தெரிந்து இல்லை. பத்துக் காசு செலவில்லை. பலமுறை துவைத்து நைந்துபோன பழைய வேட்டி வீட்டில் இருக்குமல்லவா? பிறந்த குழந்தையைச் சுற்றுவதற்கு நம் பாட்டிமார்கள் புதுத்துணியைத் தேடாமல் அந்த வேட்டியைத்தான் கிழித்தார்கள். காரணத்தோடுதான் செய்தார்கள். அந்த வேட்டியில் இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டையாகக் கிழித்து, ஸ்வெட்டரின் கழுத்துப் பட்டியிலும் மணிக்கட்டுப் பட்டியிலும் உள்பக்கமாக வைத்துத் தைத்துவிடுங்கள். உடம்பின் மற்ற பாகத்தில் எப்படியும் சட்டையோ பனியனோ இருக்கும்; தொல்லை கொடுப்பது இந்த இரண்டு இடம்தான். தையல் கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும், இல்லாவிட்டால் பட்டி நீண்டு கொடுக்காது. குல்லாவுக்கு நெற்றியைச் சுற்றி இதேபோல் ஒரு பட்டை. மஃப்ளர் கட்டுகிற பெரியவர்கள் முதலில் ஒரு மெல்லிய பருத்தித் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு அதன் மேல் மஃப்ளரைக் கட்டலாம். கறுப்புக் கம்பளிக்கு உறை தைப்பது சிரமம். அடியில் ஒரு பருத்திப் போர்வையைப் போர்த்திக்கொண்டு மேலே கம்பளியைப் போட்டால் போதும். இரண்டுக்கும் நடுவே காற்று தங்குவதால் குளிரும் கூடுதலாகக் கட்டுப்படும்.

இரண்டாவது, தோல். சித்த மருத்துவத்தில் மார்கழி, தை மாதங்களை முன்பனிக் காலம் என்போம். பனிக்காற்று தோலின் ஈரப்பசையை இழுத்துவிடும். வறட்சி வளியின் குணம். வளி மிகுந்தால் தோல் சொரசொரத்து, வெள்ளை பூத்து, நகத்தால் கோடு போட்டால் கோடு விழும். இப்படி வறண்ட தோலில் கம்பளி படும்போது அரிப்பு இரட்டிப்பாகிறது. அதே ஸ்வெட்டர் கார்த்திகையில் சும்மா இருந்ததே, தையில் ஏன் கடிக்கிறது என்று சிலர் கேட்பார்கள். ஸ்வெட்டர் மாறவில்லை. தோல்தான் மாறியிருக்கிறது.

இதற்கு எண்ணெய்தான் மருந்து. வாரம் இரண்டு நாள் நல்லெண்ணெய் தேய்த்து, இளஞ்சூடான வெந்நீரில் குளியுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொள்வது சுகமாகத்தான் இருக்கும். ஆனால் தோலில் மிச்சமிருக்கிற எண்ணெய்ப் பசையையும் அது கழுவிக்கொண்டு போய்விடும். சோப்பை அக்குள், தொடை இடுக்கு, பாதத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மற்ற இடத்துக்குப் பயத்தமாவோ நலங்குமாவோ போதும். எண்ணெய்க் குளியல் இல்லாத நாட்களில், குளித்துத் துவட்டின உடனே, தோலில் லேசாக ஈரம் இருக்கும்போதே, தேங்காய் எண்ணெயை நாலைந்து சொட்டு உள்ளங்கையில் தேய்த்துக் கழுத்து, கை, காலில் தடவுங்கள். கால் மணி நேரம் கழித்து, பருத்திச் சட்டை போட்டு, அதன் மேல் ஸ்வெட்டர். எண்ணெய் நேராகக் கம்பளியில் பட்டால் சிக்கு வாடை பிடித்துக்கொள்ளும், அதற்காகத்தான் இந்தக் கால் மணி நேரம். கடுகு எண்ணெய் வேண்டாம், அதுவே எரிச்சலைக் கிளப்பும்.

மூன்றாவதாகத்தான் கம்பளியைத் துவைத்து மென்மையாக்குவது வருகிறது. பலர் முதலில் இதைத்தான் கேட்பார்கள். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எதைப் போட்டுத் துவைத்தாலும் தடித்த இழை மெல்லிய இழையாக மாறாது. மேலே ஒரு வழவழப்பு வரும், கொஞ்சம் குத்தல் குறையும், அவ்வளவுதான். சுமாராகக் குத்துகிற ஸ்வெட்டருக்கு இது போதும். முரட்டுக் கம்பளிக்குப் போதாது.

ஆனால் தப்பாகத் துவைத்தால் நல்ல கம்பளியும் கெட்டுவிடும். அதனால் கவனியுங்கள். கம்பளி இழையின் மேல் மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காகச் செதில்கள் இருக்கின்றன. சூடான தண்ணீரில் போட்டுக் கசக்கினால் இந்தச் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு துணி சுருங்கித் தடித்துவிடும். பெரியவர் ஸ்வெட்டர் பேரன் சைஸுக்கு ஆகிவிடும்! சலவைச் சோடாவும், சோடா கலந்த சோப்புத் தூளும் காரம். புரத இழையை அவை அரித்துச் சொரசொரப்பாக்கும். துணி துவைக்கிற கல்லைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

நாட்டு மருந்துக் கடையில் பூந்திக்கொட்டை கேளுங்கள். பட்டுச் சேலைக்கும் இதைத்தான் போடுவார்கள். ஆறேழு கொட்டையை உடைத்து விதையை நீக்கி, மேல் தோட்டை அரை லிட்டர் வெந்நீரில் ராத்திரி ஊறப் போட்டு, காலையில் நன்றாகப் பிசைந்து வடிகட்டினால் நுரைக்கிற நீர் கிடைக்கும். அதை அரை வாளிப் பச்சைத் தண்ணீரில் கலந்து, ஸ்வெட்டரை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, பத்து நிமிடம் அமுக்கி அமுக்கி எடுங்கள். கசக்க வேண்டாம், பிரஷ் வேண்டாம். பூந்திக்கொட்டை நீர் கண்ணில் பட்டால் எரித்து எடுத்துவிடும், ஜாக்கிரதை. இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, கடைசித் தண்ணீரில் ஒரு மேஜைக்கரண்டி வினிகர் விடுங்கள். செதில்கள் படிந்து துணி வழவழப்பாகும். தலைமுடிக்குப் போடுகிற கண்டிஷனர் வீட்டில் இருந்தால், வினிகருக்குப் பதில் அதில் ஒரு ஸ்பூன் கரைத்துக் கால் மணி நேரம் ஊறவைத்து அலசலாம். முன்பே சொன்னேனே, முடியும் ரோமமும் ஒரே ஜாதி! பிறகு முறுக்கிப் பிழியாமல், துண்டில் சுருட்டி அமுக்கி நீரை எடுத்து, நிழலில் பழைய வேட்டியின் மேல் பரப்பி உலர்த்துங்கள். கொடியில் தொங்கவிட்டால் தோள் இரண்டும் தொங்கிப்போகும்.

தறிக் கம்பளிக்கு மட்டும் ஒரு வார்த்தை. தக்காணத்துப் பக்கம் கம்பளி நெய்கிறவர்கள் பாவு நூலுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி போடுவது வழக்கம். புதுக் கம்பளி அட்டை மாதிரி விறைப்பாக இருக்க அந்தக் கஞ்சியும் ஒரு காரணம். பச்சைத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப் போட்டு அலசினால் கஞ்சி கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போகும். பழகப் பழகக் கம்பளி இளகும் என்று பெரியவர்கள் சொல்வது வெறும் பேச்சில்லை.

குத்துகிற இழைகளை பிளேடால் சுரண்டி எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். நீளமான இழை வளைந்துகொடுக்கும். வெட்டின கட்டை இழை வளையாது. இரண்டு நாள் ஷேவ் செய்யாத கன்னத்தைத் தடவிப் பாருங்கள், புரியும். ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் அரிப்புப் போகும் என்றும் ஒரு பேச்சு உலவுகிறது. ஃப்ரீசரில் வைத்தால் இழை மெலியுமா என்ன?

இனி, கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கரப்பான் உள்ள குழந்தைக்கு முரட்டுக் கம்பளி நேராகத் தோலில் படவே கூடாது. கன்னம், முழங்கை மடிப்பு, முழங்கால் பின்பக்கம் சிவந்து சொரசொரப்பாக இருக்கிற குழந்தைகளைத்தான் சொல்கிறேன். ஏற்கெனவே அரிக்கிற தோல். இதுவும் சேர்ந்தால் சொறிந்து புண்ணாக்கி, அதில் சீழ் வைத்துவிடும். தேன் நிறத்தில் பொருக்குக் கட்டினாலோ, நீர் வடிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ கைவைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மிக மெல்லிய மெரினோ கம்பளி மட்டும் இதற்கு விதிவிலக்கு போலிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் கரப்பான் உள்ள குழந்தைகளுக்குப் பருத்தி உடுப்பை ஆறு வாரமும், மெரினோ உடுப்பை ஆறு வாரமும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். மெரினோ போட்டபோது தோல் மோசமாகவில்லை, தேறியது என்று 2017-ல் எழுதினார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அவர்கள் குளிர் வேறு, நம் குளிர் வேறு. விலையும் நமக்குக் கட்டாது. நம்ம குழந்தைக்குப் பழைய வேட்டியும் பருத்திச் சட்டையும் போதும்.

நம் ஊர் மார்கழிக்கு ஒரு குழந்தைக்கு எவ்வளவு துணி வேண்டும்? உங்களுக்கு எவ்வளவு வேண்டுமோ அதைவிட ஒரு அடுக்குக் கூடுதல். பல வீடுகளில் ஜன்னலை அடைத்து, ஃபேனை நிறுத்தி, குழந்தைக்கு ஸ்வெட்டர், குல்லா, கையுறை, காலுறை எல்லாம் மாட்டி, மேலே ஒரு போர்வையும் போட்டுப் படுக்க வைக்கிறார்கள். பாசம்தான். ஆனால் குழந்தை தன் உடம்புச் சூட்டைத் தலை வழியாகத்தான் அதிகம் வெளியேற்றுகிறது. உள்ளே தூங்கும்போது கம்பளிக் குல்லா வேண்டாம். சூடு அளவுக்கு மீறுவது தூங்கும் குழந்தைக்கு ஆபத்து. பிடரியில் கையை வைத்துப் பாருங்கள். பிசுபிசுவென்று வியர்த்திருந்தால் ஒரு துணியைக் கழற்றுங்கள். வியர்வையில் ஊறின தோலில் கம்பளி இன்னும் அதிகமாகக் குத்தும் என்பதையும் நினைவில் வையுங்கள். பாதி அழுகை அத்தோடு நின்றுவிடும்.

இதைவிடப் பெரிய விஷயம் அந்துருண்டை. பாச்சா உருண்டை என்றும் சொல்வார்கள். பூச்சி அரிக்காமலிருக்க ஸ்வெட்டரோடு போட்டு வைக்கிறோமே, அந்த வெள்ளை உருண்டை. பெரும்பாலும் அது நாப்தலீன். சில குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுவைக் காக்கிற ஜி-6-பி-டி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும்; ஆண் குழந்தைகளில் இது அதிகம். பார்த்தால் தெரியாது. அப்படிப்பட்ட பச்சிளங்குழந்தைக்கு நாப்தலீன் வாடை ஏறின துணியைப் போட்டால், அந்த ஆவியே சிவப்பணுக்களை உடைத்து, கடுமையான மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விட்டுவிடும். மருத்துவ ஏடுகளில் பல நாடுகளிலிருந்து இது பதிவாகியிருக்கிறது. உருண்டை வாடை அடிக்கிற துணியைப் போட்ட குழந்தை வெளிறிப்போனாலோ, கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். உருண்டை விஷயத்தையும் டாக்டரிடம் சொல்லுங்கள். கீழே விழுந்த உருண்டையை மிட்டாய் என்று தவழ்கிற குழந்தை வாயில் போட்டுக்கொள்வதும் நடக்கிறது. குழந்தைத் துணி வைக்கிற தட்டில் அந்துருண்டையே வேண்டாம். கற்பூரமும் அதற்கு மாற்று ஆகாது.

பெரியவர்களுக்கு வருகிற அரிப்பில் நான் முதலில் கேட்கிற கேள்வி, "ராத்திரியில் அதிகமா? வீட்டில் வேறு யாருக்காவது அரிக்கிறதா?" இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் விரல் இடுக்கைப் பார்ப்பேன். விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புளைச் சுற்றி, ஆண்களுக்கு மறைவிடம்... இங்கெல்லாம் சின்னச் சின்னப் பொரிகள் இருந்தால் அது சொறி. கண்ணுக்குத் தெரியாத பூச்சி தோலுக்குள் குடைந்து முட்டையிடுகிறது. ஒரே கம்பளியை நாலு பேர் மாற்றி மாற்றிப் போர்த்துகிற வீட்டில், ஹாஸ்டலில், இது சுலபமாகப் பரவும். மருந்தை ஒரே நாளில் வீட்டிலுள்ள எல்லோரும் போட வேண்டும். ஒருவருக்கு மட்டும் போட்டுப் பிரயோஜனமில்லை. மற்ற துணிகளை வெந்நீரில் துவைக்கலாம். கம்பளியைத்தான் வெந்நீரில் போட முடியாதே? அதற்கு ஒரு சுலபமான வழி. பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுகக் கட்டி ஒரு வாரம் மூலையில் வைத்துவிடுங்கள். மனித உடம்பை விட்டு விலகின இந்தப் பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் பிழைக்காது.

வெறும் கம்பளி அரிப்பு என்றால், அந்த இடத்தைப் பச்சைத் தண்ணீரில் கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினாலே அடங்கும். சொறிந்து சொறிந்து தோல் தடித்துக் கறுத்தவர்களுக்கு அருகன் தைலம் மாதிரி மருந்துகள் எங்களிடம் உண்டு. ஆனால் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. டெட்டாலை நேராக ஊற்றுவது, உப்புத் தண்ணீர் வைத்துத் தேய்ப்பது எல்லாம் வேண்டாத வேலை. மெடிக்கல் ஷாப்பில் "அரிப்புக்கு ஒரு ட்யூப் கொடுங்க" என்று கேட்டு வாங்குகிற களிம்பும் அப்படித்தான். ஸ்டீராய்டும் படை மருந்தும் கலந்த ட்யூப்புகள் பல அதில் உண்டு. இரண்டு நாளில் ஜம்மென்று அடங்கும். நிறுத்தினால் முன்னைவிட மோசமாகத் திரும்பும். நாள்பட்டால் தோலே மெலிந்துபோகும்.

மாசி பிறந்ததும் கம்பளியை உள்ளே வைப்பீர்கள். துவைக்காமல் வைக்காதீர்கள். வியர்வையும் அழுக்கும் படிந்த கம்பளியைத்தான் அந்துப்பூச்சியின் புழு முதலில் தேடி வரும். துவைத்து, நன்றாக உலர்ந்த பிறகு, ஒருமணி நேரம் இளவெயில் காட்டி, வசம்பை இடித்துத் துணியில் முடிச்சாகக் கட்டி, காய்ந்த வேப்பிலையோடு பழைய தலையணை உறைக்குள் போட்டு வையுங்கள். வசம்பின் காரம் இரண்டு மூன்று மாதத்தில் குறைந்துவிடும். ஆடியில் ஒருதடவை முடிச்சை மாற்றுங்கள், துணியையும் உதறி வெயில் காட்டுங்கள். ஐப்பசியில் வெளியே எடுத்ததும், அந்துருண்டையோடு கிடந்த பழைய ஸ்வெட்டர் என்றால், பெரியவர்களுக்கானாலும் இரண்டு நாள் காற்றாட விட்டு, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஒருமுறை அலசின பிறகே போட்டுக்கொள்ளுங்கள்.